வேலிக்கு வந்த மருந்து

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு மூலிகைத் தோட்டம் இருந்தது, பாட்டி கொல்லைக்குப் போய் நாலு இலை பறித்துவந்தால் காய்ச்சல் ஓடிப்போகும், நாம்தான் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோம். நாட்டு வைத்தியத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. மாடியில் பத்துத் தொட்டி வைத்தால் தொலைத்ததை மீட்டுவிடலாம் என்று முடிகிறது. இதில் பாதி உண்மை. கொல்லையில் இலை இருந்தது. பாட்டிக்கு அதன் குணமும் தெரிந்திருந்தது. ஆனால் மருந்துக்கென்றே ஒதுக்கிய தோட்டம் சாதாரணத் தமிழ் வீட்டில் இருந்ததற்குத் தடயம் மிகக் குறைவு. கிடைக்கிற சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. வீட்டில் வளர்ந்த செடி பூசைக்கோ, சமையலுக்கோ, வேலிக்கோ, கூந்தலுக்கோ வந்தது. வந்த இடத்தில் மருந்து வேலையையும் சேர்த்துப் பார்த்தது. வேறு வேலை இல்லாத மூலிகை புறம்போக்கிலும் குளக்கரையிலும் மலையிலும் வளர்ந்தது, இல்லையென்றால் கடைச் சரக்காக வந்து சேர்ந்தது. எதை இழந்தோம், எதை மீட்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டைப் பொறுத்தே இருக்கிறது.

பழைய சான்றிலிருந்தே தொடங்கலாம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் மூன்று, மருந்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டவை: திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. அறம் சொல்ல வந்த புலவர்கள் மருந்துப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அந்தக் கூட்டு மருந்துகள் கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருந்திருக்க வேண்டும். அவற்றின் சரக்குகளைப் பாருங்கள். திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி. ஏலாதியில் இவை மூன்றோடு ஏலமும் இலவங்கமும் நாககேசரமும் சேரும். பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் விளைந்து, காய்ந்து, மூட்டையாக இறங்கியவை இவை. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் குவிந்த பொருள்களில் மிளகு மூட்டையைப் பட்டினப்பாலையும் சேர்த்துச் சொல்கிறது. சிறுபஞ்சமூலத்தின் ஐந்து வேர்களோ கண்டங்கத்திரி, நெருஞ்சி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி ஆகியவற்றுக்கு உரியவை. நெருஞ்சியையும் கண்டங்கத்திரியையும் யாரும் நட்டு நீர் ஊற்றியதில்லை. காலில் குத்தாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆக, ஒரு பக்கம் கடைச் சரக்கு, மறு பக்கம் தரிசு நிலத்து முள். எல்லோரும் அறிந்த மருந்துகளை எடுத்துக்காட்ட வந்த இடத்தில் வீட்டுத் தோட்டம் கண்ணில் படவே இல்லை.

கல்வெட்டும் இதையே சொல்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கிருந்த ஆதுலசாலை என்னும் மருத்துவமனையில் 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கடுக்காய் சேர்ந்தவை, ஆமணக்கெண்ணெய் சேர்ந்தவை, நெய்யில் காய்ச்சியவை என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. நம் வாதத்துக்கு வேண்டியவர்கள் இன்னும் இரண்டு பேர். மருந்துக்கு வேண்டிய பச்சிலையையும் விறகையும் கொண்டுவந்து மருந்து காய்ச்சித் தருவது இவர்களுடைய வேலை. மூலிகையும் விறகும் ஒரே ஆளின் பொறுப்பு என்றால் இரண்டும் வெளியே போய்த் தேடிக் கொண்டுவரும் பொருள்கள் என்றுதானே பொருள்? பூத்தொடுக்கும் நந்தவனத்துக்கு நிலம் விட்ட கல்வெட்டுகள் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஏராளம். வைத்தியருக்கு விட்ட வைத்தியக் காணியும் உண்டு, ஆனால் அது அவருடைய பிழைப்புக்கான நிலம். நந்தவனம் போட்டுப் பார்த்துப் பழகியவர்கள் மருந்துத் தோட்டம் போடத் தெரியாமல் விட்டிருக்க மாட்டார்கள். காடும் கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் தேவைப்படவில்லை.

சரி, அரசும் கோயிலும் அப்படி இருந்திருக்கலாம், பாட்டியின் கைமருந்து வேறுதானே என்று கேட்கலாம். பாட்டியின் கைமருந்தில் மிகப் பழகிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் உரை மருந்து. வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய், சுக்கு இவற்றை வேகவைத்துக் காயவைத்து, குளிப்பாட்டிய பிறகு கல்லில் ஒவ்வொன்றாக இரண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவார்கள். இதில் எது கொல்லையில் விளைந்தது? ஜாதிக்காயின் தாயகம் கிழக்கே மொலுக்காஸ் தீவுக்கூட்டத்துப் பண்டா தீவுகள். மாசிக்காய் என்பது மேற்காசியாவில் வளரும் ஒருவகைக் கருவாலி மரத்தில் பூச்சி துளைத்ததால் உண்டாகும் முடிச்சு. கடுக்காய் காட்டு மரத்துக் காய். பிள்ளை பெற்றவளுக்குக் கிளறும் லேகியத்திலும், யாழ்ப்பாணத்தில் அவளுக்கு வைக்கும் சரக்குக் கறியிலும் கடைப்பொருளே மிகுதி. வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பிசின். தொண்டைக்கட்டுக்குச் சப்பும் அதிமதுரம் மேற்கிலிருந்து வருவது. மொத்தத்தில் பாட்டியின் மருந்துப் பெட்டி இந்துமாக்கடல் வணிகத்தின் ஒரு மாதிரிப் படம். எல்லாவற்றையும் தன் மண்ணிலேயே விளைவித்துக்கொண்ட தன்னிறைவுக் கிராமம் என்ற சித்திரம் இந்தப் பெட்டியின் முன் நிற்காது. சென்னை ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளும், மயிலாப்பூரில் பிரசவ லேகியச் சாமான் கட்டித்தரும் டப்பா செட்டி கடையும் தலைமுறை தலைமுறையாக இயங்குவது இந்தத் தேவையால்தான். சந்தை இருந்ததால்தான் கைமருந்தும் இருந்தது.

அப்படியென்றால் வீட்டைச் சுற்றி என்னதான் இருந்தது? நிறைய இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அங்கே நிற்க ஒரு காரணமும் இருந்தது. ஆடாதொடையும் நொச்சியும் வேலிச் செடிகள். இரண்டின் இலையையும் ஆடுமாடு வாய்வைக்காது, கழியை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும், பராமரிப்பு வேண்டாம். வேலியில் நின்ற ஆடாதொடை சளிக்குக் கஷாயமானது. நொச்சி வேது பிடிக்கவும், குதிரில் நெல்லுக்குள் பூச்சி வராமல் போட்டுவைக்கவும் உதவியது. யாழ்ப்பாணத்துக் கிளுவை, பூவரசு வேலிகளின் நடுவே ஆடாதோடையும் பாவட்டையும் நின்றதும் இதே கணக்கில்தான். அந்த வேலிமேல் படர்ந்தவை பிரண்டையும் தூதுவளையும். பிரண்டை துவையலாகும், சாறு பிழிந்து அப்பள மாவில் சேரும். தூதுவளை ரசமாகும், துவையலாகும். முடக்கத்தான் தோசை மாவுக்குள் போனது. வாய்ப்புண்ணுக்கு நல்லதென்று சொல்லும் மணத்தக்காளி முதலில் ஒரு கீரை, வற்றல் போட ஒரு காய். துளசி பெருமாளுக்கு. நந்தியாவட்டை பூசைக்கு வந்து கண் எரிச்சலுக்கும் உதவியது. மருதாணி நகத்துக்கு, செம்பருத்தி தலைக்கு. வெற்றிலைக்கொடி தாம்பூலத்துக்கு நின்றது. குழந்தைக்கு வயிறு உப்பினால் அதே இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி வயிற்றில் போட்டார்கள். வாசல் வேம்பு நிழலுக்கு, அதன் பூ சித்திரை முதல்நாள் பச்சடிக்கு, கொழுந்து அம்மை கண்ட வீட்டுக்கு. இந்த வரிசையில் மருந்து என்ற ஒரே வேலைக்காக இடம்பிடித்த செடியைத் தேடினால் கை விரல்கள் மிச்சப்படும். கற்பூரவல்லியைச் சொல்லலாம். ஆனால் ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததாகப் பலரும் கருதும் அந்தச் செடியும் ஒரு துண்டு தண்டைக் கிள்ளிப் போட்டால் பிழைத்துக்கொள்வது. அதற்கும் பஜ்ஜி என்று ஒரு இரண்டாவது வேலையைத் தமிழ்ச் சமையலறை கண்டுபிடித்துவிட்டது.

எழுத்துச் சான்றைவிட எனக்கு வலுவாகப் படுவது செடிகளின் உடலே தரும் சான்று. வீட்டுச் செடிகளில் பெரும்பாலானவை கம்பு நட்டு வளர்ப்பவை: நொச்சி, ஆடாதொடை, முருங்கை, பிரண்டை, வெற்றிலை, மருதாணி, கற்பூரவல்லி. அடுத்த வீட்டு வேலியிலிருந்து ஒடித்து, காசு கொடுக்காமல், கைமாறிக் கைமாறிப் பரவக்கூடியவை. அடுத்து, வீட்டுச் செடியைக் கொண்டு பார்த்த வைத்தியம் ஏறக்குறைய முழுவதும் இலை வைத்தியம். இலையைப் பறித்தால் செடி சாகாது, நாளைக்கும் இருக்கும். நூல் வைத்தியத்தில் கணிசமான பங்கு வேர், பட்டை, விதை, பழம். வேரைப் பிடுங்கினால் செடி போய்விடும். பட்டையை உரிக்க மரம் வேண்டும். ஒருவருக்கு ஒரு மண்டலம் மருந்து கொடுக்க ஒரு கொல்லை போதாது. அதனால் காய்ந்த சரக்கு கடைக்கும் பச்சிலை வீட்டுக்கும் என்று வேலை தானாகவே பிரிந்துகொண்டது. வீட்டில் பார்த்த நோய்களும் இந்தப் பிரிவுக்குள் அடங்கும்: சளி, இருமல், வயிற்று உபாதை, சிரங்கு, சுளுக்கு, கண் எரிச்சல். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் வைத்தியர் வீட்டுக்கு ஆள் போகும். பாட்டி எல்லா நோயையும் கொல்லையிலேயே தீர்த்தாள் என்று பின்னாள் பெருமிதம் சொல்கிறது. அவளோ தன் எல்லையை அறிந்திருந்தாள்.

நடாமலே வந்தவை இன்னொரு வகை. கிணற்றடியிலும் சாக்கடை ஓரத்திலும் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை. எருக்குழி ஓரத்தில் குப்பைமேனி. மழை விழுந்ததும் முற்றத்தில் தும்பையும் கீழாநெல்லியும். இவற்றை யாரும் வளர்க்கவில்லை, பிடுங்கி எறியாமல் விட்டார்கள், அவ்வளவுதான். சமையலறைத் தண்ணீரும் குளித்த தண்ணீரும் கொல்லைக்கு ஓடியவரை இவை தானாக முளைத்தன. இவற்றில் கீழாநெல்லியின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. மஞ்சள் காமாலை என்றதும் தமிழனுக்கு நினைவு வருவது இந்தச் செடி. ஆனால் இன்று அந்தப் பெயரில் மிகுதியாகப் பயன்படும் இனத்துக்குத் தாயகம் வெப்ப மண்டல அமெரிக்கா என்பது தாவரவியலாரின் பொதுக் கருத்து. உருவத்தில் ஒத்த வேறு சில இனங்களும் அதே பெயரில் பறிக்கப்படுகின்றன. கொலம்பஸுக்கு முந்தைய வைத்தியர் கையிலிருந்தது அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம். கப்பலில் வந்த உறவுக்காரச் செடி அதன் இடத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். மிளகாயும் பப்பாளியும் கொய்யாவும் வந்த வழியில் ஒரு களையும் வந்தது. நம் ஆட்கள் அதையும் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீரகக் கல்லுக்கு என்று பறிக்கும் ரணகள்ளியும், வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியும் மடகாஸ்கரிலிருந்து வந்தவை. சோற்றுக்கற்றாழைக்கு ஊர் அரேபியா. மாறாத பழமை என்று நாம் போற்றும் கொல்லை, 500 ஆண்டுகளாகப் புதியவர்களுக்குக் கதவு திறந்தே வைத்திருந்தது.

கீழாநெல்லிக்கு நவீனச் சோதனையும் நடந்தது. 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழுவினரும் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்டவர்களுக்கு இந்தச் செடியைப் பொடியாகக் கொடுத்து, முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். மருந்து உண்டவர்களில் 59 விழுக்காட்டினரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்டவர்களில் 4 விழுக்காடுதான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் செய்த சோதனைகள் அந்த முடிவைத் தரவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் என்று காரணங்கள் பேசப்பட்டன. கேள்வி இன்னும் முடியவில்லை. இதை வைத்துக் கொல்லை மருந்தெல்லாம் பொய் என்பது அவசரம். எல்லாம் நிரூபணமானது என்பதும் அதே அளவு அவசரம்.

மருந்துக்கென்றே வீட்டுத் தோட்டம் இருக்கவில்லை என்ற வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கனமானது ஒன்று உண்டு. கல்வெட்டும் நூலும் அரசரும் ஆண்களும் விட்டுப்போனவை. கொல்லையைப் பார்த்துக்கொண்ட பெண்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதப்படாததால் இல்லை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. அதனால்தான் நூலைவிடச் செடிகளை அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. பெண்கள் மருந்துக்கென்றே பாத்தி கட்டியிருந்தால், வேறு பயனில்லாத மருந்துச் செடிகள் கொல்லையிலேயே தங்கி, தலைமுறை கடந்து, இன்றைய கிராமத்து வீடுகளிலும் எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சியிருப்பவை துவையலும் வேலியும் பூசைப் பூவும்தான். பெண்களின் அறிவு எங்கே இருந்தது என்றால், நடுவதைவிட அடையாளம் காண்பதில். முற்றத்தில் முளைத்த பத்துக் களைகளில் எதை விட்டுவைப்பது, ஒன்றுபோலத் தெரியும் இரண்டு செடிகளில் எது மருந்து, எந்த நோய்க்குக் கொழுந்து, எதற்கு முற்றிய இலை என்பதில்தான் அந்தத் திறமை இருந்தது. தோட்டக்காரியின் திறமையைவிட அது நுட்பமானது. அவர்களைத் தோட்டக்காரிகளாக மட்டும் நினைப்பது உண்மையில் அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. பரம்பரை வைத்தியர் வீடுகளில் தோட்டம் இருந்ததே என்றும் சொல்லலாம். இருந்தது. ஆனால் அது தொழில் இடம். எந்தச் செடியை எதோடு சேர்த்தார் என்பது பிறர் கண்ணில் படாமல் காத்த இடமும்கூட. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி நடத்திய தன்வந்திரி மகாலில் மூலிகைகளை வண்ணப் படமாக எழுதச் செய்து, சோதித்த முறைகளைப் பாடலாகத் தொகுக்கவும் ஏற்பாடு இருந்தது. அது அரண்மனைப் பணி. தட்டான் வீட்டில் உலை இருந்ததால் ஊரெல்லாம் நகை உருக்கினார்கள் என்று ஆகிவிடாது.

வீட்டுக்கு வீடு தோட்டம் என்ற கதையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அதைப் பலர் பேசுவதில்லை. கொல்லை யாருக்கு இருந்தது? தெருவிலிருந்து பின்கட்டு வரை நீளும் அக்கிரகாரத்து வீட்டுக்கும், மிராசுதார் வீட்டுக்கும், கிணறும் மாட்டுத்தொழுவமும் வைத்திருந்த குடியானவர் வீட்டுக்கும் இருந்தது. பிறர் மனையில் குடிசை போட்டுக்கொண்ட பண்ணையாளுக்குத் துளசி மாடம் ஏது, வெற்றிலைக்கொடி ஏது? அவர்களும் நோய்ப்பட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். மருந்து அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவர்களுடைய கொல்லை வயல் வரப்பும் ஏரிக்கரையும் மேய்ச்சல் புறம்போக்கும். ஊரில் பெரும்பாலான பிரசவங்களைப் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்; அவள் கைமருந்தும் கரையோரத்துச் செடியே. மலையடிவாரத்தில் இருளரும் பிறரும் பறித்து இறக்கிய பட்டையும் வேரும் தேனும்தான் டவுன் மருந்துக் கடையின் டப்பாக்களை நிரப்பின. மூலிகை மரபு என்பதைக் கொல்லைக்குள் அடைத்துச் சொல்லும்போது இந்த மனிதர்கள் வரலாற்றிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். தோட்டத்துக்கு உரிமையாளர் உண்டு, பறிப்பவருக்குப் பெயர் கிடையாது என்ற பழைய வழக்கத்தின் நீட்சி இது.

வெள்ளையர் காலப் பதிவுகளும் கடையையும் கரையையும்தான் அதிகம் காட்டுகின்றன. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லி 1813-இல் சென்னையிலேயே அச்சிட்ட மருந்துப் பொருள் நூலில் தமிழ்ப் பெயர்களைக் கவனமாகக் குறித்தார். 1826-இல் அது லண்டனில் விரிவாக வந்தது. திருவாங்கூரில் பணியாற்றிய வாரிங் எழுதிய கையேட்டின் தலைப்பே கடைத்தெரு மருந்துகளையும் பொதுவாகக் காணும் மருந்துச் செடிகளையும் பற்றியது. திருவல்லிக்கேணி மருந்தகத்தில் இருந்த மூதீன் ஷெரீப் இந்திய மருந்து நூலுக்கு 1869-இல் எழுதிய துணைநூலில், கடையில் ஒரே பெயரில் விற்கும் வெவ்வேறு பொருள்களைப் பிரித்துக் காட்டப் பெரும்பாடு பட்டார். இதே காலத்தில் நிலத்திலும் ஒரு மாற்றம் வந்தது. அரபுப் பக்கத்து நிலாவாகை 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் வயல் பயிராகி, 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் உலகெங்கும் மலச்சிக்கல் மருந்தாகப் போனது. பிற்காலத்தில் நித்யகல்யாணியும் அப்படியே. அதிலிருந்து 1950-களின் இறுதியில் புற்றுநோய் மருந்துகள் பிரிக்கப்பட்டதும், தென் மாவட்டத்து வானம் பார்த்த நிலங்களில் ஏக்கர் கணக்கில் பயிரானது. செங்காந்தள் விதை மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் பந்தலில் விளைந்து ஏற்றுமதியாகிறது. ஒரு செடி வெறும் மருந்தாக மட்டும் மாறும்போது அது வீட்டை விட்டு வயலுக்குப் போய்விடுகிறது என்பதற்கு இவை மூன்றும் நல்ல சாட்சி. வாசலில் பூக்கும் நித்யகல்யாணியை அரைத்துக் குடித்தால் புற்று ஆறும் என்று நம்புவோர் இந்தத் தூரத்தை அறியாதவர்கள். அதன் மருந்து டன் கணக்கில் காய்ந்த இலையிலிருந்து ஆலையில் பிரிக்கும் நஞ்சு.

மறுபுறம் பறிப்பதற்கான இடம் சுருங்கத் தொடங்கியது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் நுழைந்து பறிப்பதை அனுமதிக்கு உட்பட்ட செயலாக்கியது. மேய்ச்சல் புறம்போக்குகள் பட்டாவாகின, ஏரிக்கரைகள் மனைகளாகின, வரப்புக் களைகளைக் களைக்கொல்லி எரித்தது. நகரத்தில் சாக்கடை மூடி, முற்றத்தில் சிமென்ட் பூசியதும் கீழாநெல்லிக்கு முளைக்க இடமில்லை. செங்கல் மதில் வந்ததும் நொச்சி வேலிக்கு வேலையில்லை. வேலி போனதும் அதன்மேல் படர்ந்த பிரண்டையும் போனது. மேல்நாட்டு மாத்திரை வந்ததால் மூலிகை அழிந்தது என்பது பாதி விளக்கம்தான். அந்தச் செடிகளைத் தாங்கிநின்ற மற்ற வேலைகள் போனதால் அவை அழிந்தன. இன்றும் மருந்தைப் பற்றி ஒன்றும் அறியாத வீட்டில்கூட முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கின்றன. காரணம் சாம்பாரும் தாளிப்பும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. நாட்டு மருத்துவத்தை ஆராய்ந்த உஸ்மான் குழு 1923-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது; 1983-இல் மூலிகைப் பண்ணைக்கும் மருந்துக்கும் தமிழ்நாடு அரசு 'டாம்ப்கால்' நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஆனால் மூலிகை மீண்டும் வீட்டுப் பேச்சானது 2012-இல் டெங்கு பரவி, அரசு நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச் சாற்றையும் கொடுக்கத் தொடங்கிய பிறகு. நாற்றங்கால்களில் நிலவேம்புத் தொட்டி விற்பனைக்கு வந்தது. நிலவேம்புக் குடிநீர் என்பது ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. இதில் எத்தனையைத் தொட்டியில் வளர்க்க முடியும்? 2020-இல் கபசுரக் குடிநீர் வந்தபோது சரக்கு பதினைந்தானது. ஏலாதி காலத்தில் இருந்த அதே நிலை இது: கூட்டு மருந்தின் சரக்கு காட்டிலிருந்தும் கடையிலிருந்தும்தான் வரும். தொட்டியில் ஒரு கிளை நிலவேம்பு நிற்பதால் குடிநீர் கைக்கு வந்துவிடாது.

தொட்டியில் வைத்தால் என்ன நட்டம், ஆசைக்கு வளர்க்கட்டுமே என்று கேட்பவர்களுக்கு: நட்டம் ஒன்றும் இல்லை, வளர்க்கலாம். ஆனால் பழைய மரபை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, யாரும் சமைக்காத, சாமிக்குச் சாத்தாத, பெயர்ப்பலகை மாட்டிய இருபது செடிகளை அடுக்கினால் இரண்டு கோடையில் பாதி காய்ந்துவிடும். யாரும் பறிக்காத செடிக்கு யாரும் தண்ணீர் விடமாட்டார்கள். 'இன்சுலின் செடி' என்று விற்கும் அமெரிக்கச் செடியை வாங்கி மாத்திரையை நிறுத்துவதும், அழகுக்கென்று வைத்த செங்காந்தளின் கிழங்கு கொல்லும் நஞ்சு என்று தெரியாமல் குழந்தை விளையாடும் இடத்தில் வைப்பதும் பாட்டி செய்யாத காரியங்கள். தொட்டி வைப்பவர்கள் தூதுவளை, பிரண்டை, வல்லாரை, கற்பூரவல்லி, துளசி, வெற்றிலை என்று வாரம் ஒருமுறையாவது கை போகிற செடிகளை வைக்கட்டும். இடமிருந்தால் மதிலை ஒட்டி ஒரு நொச்சி. மூலிகை மரபைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை அதற்கு மேலும் இருந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் குளக்கரையையும் மேய்ச்சல் புறம்போக்கையும் பற்றிக் கேளுங்கள்; கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். நம் மருந்தில் பெரும்பகுதி அங்கேதான் முளைத்தது.